அம்ராம் தன் அத்தையை மணந்தார் என்றால் லேவியராகமம் ஏன் அதைத் தடுக்கிறது?

பொங்கோல் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 15 வயது. ஒரே வருடத்தில் வேதாகமம் முழுவதையும் படித்து முடிப்பது என்று சபையின் இளையர் குழுவில் ஆரம்பித்திருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய கணிதத் தேர்வுத்தாளைத் திருப்பிப் போட்டு, அதில் சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய வம்ச மரம் வரைந்து வைத்திருந்தாள். ஆபிரகாமும் சாராளும், அதற்குக் கீழே "ஒரே அப்பா, வேறு அம்மா" (ஆதியாகமம் 20:12). யாக்கோபு, லேயாள், ராகேல், "தாய்மாமன் மகள்கள், அதுவும் இரண்டு பேர்". மோசேயின் பெற்றோர் அம்ராம், யோகெபேத். அவள் படிப்பது ஆங்கில வேதாகமம், ஆனால் என் பழைய தமிழ் வேதாகமத்தையும் திறந்து பார்த்திருக்கிறாள் போல, அந்தக் கோட்டின்மேல் மட்டும் தமிழில் "அத்தை??" என்று இரண்டு கேள்விக்குறி போட்டிருந்தாள். தாளின் கடைசியில், யாரையெல்லாம் சேரக்கூடாது என்று பட்டியல் போடும் அதிகாரமான லேவியராகமம் 18 என்று எழுதி, மேலே உள்ள கோடுகளில் பாதியைக் குறுக்கே அடித்திருந்தாள்.

"அம்மா, மோசேயின் அப்பா அம்மாவே தப்பு செய்தவர்களா? அப்புறம் லேவியராகமம் 18:16 அண்ணன் தம்பி மனைவியைச் சேரக்கூடாது என்கிறது, உபாகமம் 25:5 கட்டிக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறது, எது சரி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைவிட அடுத்த கேள்விதான் நெஞ்சில் குத்தியது. "நீங்களும் அப்பாவும்?"

நான் என் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர் ஆலயத்தில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, ஊர் கூடி நடந்த கல்யாணம். இங்கே குழுவை நடத்தும் ஒருவர் "கசின்களுக்குள் கல்யாணம் பாவம், வேதத்தில் தடை இருக்கிறது" என்று பிள்ளைகள் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். என் மகள் அதற்குப் பிறகு அங்கே வாயே திறக்கவில்லையாம்.

அவர்மேல் புகார் சொல்ல நான் வரவில்லை. இது உண்மையிலேயே முரண்பாடுதானா, அவளுக்கு நேர்மையாக என்ன சொல்லலாம் என்பதுதான் என் கேள்வி. "அந்தக் காலம் வேறு" என்று ஒரே வரியில் முடித்தால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.


செம்பவாங் தாத்தா:

தங்கச்சி, நான் போதகர் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் பல வருடம் பாடம் எடுத்தவன், அவ்வளவுதான். உங்கள் மகளைப்போல் ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

முதலில் உங்களை வருத்திய விஷயம். லேவியராகமம் 18ஐ ஒருமுறை பொறுமையாக எண்ணிப் பாருங்கள். தாய், தகப்பனின் மனைவி, சகோதரி, பேத்தி, அப்பாவின் சகோதரி, அம்மாவின் சகோதரி, அப்பாவுடைய சகோதரனின் மனைவி, மருமகள், சகோதரன் மனைவி, ஒரு பெண்ணோடு அவள் மகளும், மனைவி உயிரோடிருக்கும்போது அவள் சகோதரி. அத்தை மகனும் மாமன் மகளும் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. 20ஆம் அதிகாரத்திலும் இல்லை, உபாகமம் 27லும் இல்லை. மாறாக எண்ணாகமம் 36ல் செலொப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேரும் தங்கள் தகப்பனின் சகோதரர் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார்கள், மோசேக்கு வந்த கட்டளைப்படியே நடந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. சொத்து கோத்திரத்தை விட்டுப் போகக்கூடாது என்பது காரணம். நமக்கு அது எவ்வளவு இடறலாக இருக்கிறது பாருங்கள், சித்தப்பா பெரியப்பா மகன் நமக்கு அண்ணன் தம்பி, பங்காளி, அவனைக் கட்டுவதை நினைத்தும் பார்க்க மாட்டோம். யாக்கோபு மாமன் மகளைக் கட்டியது நமக்குச் சாதாரணம், செலொப்பியாத்தின் மகள்கள் கதை அதிர்ச்சி. ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டுமே "கசின்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் குழுத் தலைவரும் அந்தச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்போது அம்ராம். யாத்திராகமம் 6:20 நம் தமிழ் வேதாகமத்தில் தெளிவாக அத்தை என்றே இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அந்த இடத்தில் "தகப்பனுடைய சகோதரனின் மகள்" என்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதைக் காட்டிச் சிலர் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எண்ணாகமம் 26:59 யோகெபேத் லேவிக்கு எகிப்தில் பிறந்த மகள் என்கிறது, அம்ராம் லேவியின் பேரன், அப்படியானால் அத்தைதான். உள்ளதை உள்ளபடி விட்டுவிடலாம். எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. தகப்பனின் சகோதரியைச் சேரக்கூடாது என்ற சட்டம் யார் கையால் வந்ததோ, அதே மோசேயின் பிறப்புதான் அந்தச் சட்டத்துக்கு ஒத்துவராத கல்யாணத்தில் நடந்தது, அதை மறைக்காமல் வம்ச அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மழுப்ப நினைத்திருந்தால் ஒரு சொல்லை விட்டிருந்தால் போதும்.

அடுத்து யாக்கோபு. லேவியராகமம் 18:18 மனைவி உயிரோடிருக்கையில் அவளுக்குத் தொல்லையாக அவள் சகோதரியையும் கட்டாதே என்று காரணத்தோடு சொல்கிறது. இப்போது ஆதியாகமம் 30ஐத் திறந்து, லேயாளின் மகன் வயலில் கண்டெடுத்த தூதாயீம் கனிகளுக்காக அக்காளும் தங்கையும் பேரம் பேசும் இடத்தைப் படியுங்கள். என் புருஷனை எடுத்துக்கொண்டது போதாதா, என் மகன் கொண்டுவந்த கனியும் வேண்டுமா என்று லேயாள் கேட்பாள். அன்று இரவு புருஷன் யார் கூடாரத்துக்குப் போவது என்பதுவரை அந்தக் கனியை வைத்து முடிவாகும். அந்தக் கூடாரத்தில் இரண்டு பெண்கள் பட்ட பாட்டை நினைவில் வைத்துக்கொண்டு எழுதின சட்டம்போல எனக்கு அந்த வசனம் படுகிறது. மனைவி இறந்த பிறகு அவள் தங்கையைக் கட்டுவதை அது தடுக்கவில்லை, நம் ஊரிலும் பிள்ளைகளை வளர்க்க அப்படிக் கட்டிவைப்பார்கள். ஆனால் இங்கிலாந்தில் அதற்குச் சட்டப்படி வழி பிறக்க 1907 ஆனது.

உபாகமம் 25க்கு மட்டும் தனியாக எழுத வேண்டும், பேரன் வந்துவிட்டான், இரவு வருகிறேன்.


கிளமெண்டி வாசகன்:

தாத்தா நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு இடத்தை எல்லாரும் தாண்டிப் போய்விடுவதுபோல நீங்களும் போய்விட்டீர்கள். "சட்டம் வருவதற்கு முன்னால் நடந்தது" என்பதுதானே உள்ளே ஓடும் வாதம்? அப்படியென்றால் அதே 18ஆம் அதிகாரத்தின் முடிவில், 24 முதல் 28 வரை, இந்தச் செயல்களால்தான் கானானியர் தேசத்தைத் தீட்டுப்படுத்தினார்கள், தேசம் அவர்களைக் கக்கிவிட்டது என்று வருகிறதே. கானானியருக்கு யார் சட்டம் கொடுத்தது? சட்டமே இல்லாத அவர்களுக்கு அது அருவருப்பு, சட்டம் இல்லாத ஆபிரகாமுக்கு அது குற்றமில்லை என்றால் ஒரே தராசு இல்லையே. நான் குறை கண்டுபிடிக்க எழுதவில்லை. 17 வயதில் இதே கேள்வியைக் கேட்டு "விசுவாசக் குறைவு" என்று பெயர் வாங்கியவன் நான், அந்தப் பெண்ணுக்கும் அது நடக்கக்கூடாது.


தேக்கா பாலா:

நான் இந்து. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கமும் இதே கதைதான்.

மனுஸ்மிருதி 11ஆம் அத்தியாயத்தில் அத்தை மகள், சித்தி பெரியம்மா மகள், மாமன் மகள் மூவரையும் மனைவியாக்கக்கூடாது, சேர்ந்தால் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அதே மரபில் வந்த பௌதாயன தர்மசூத்திரம், தெற்கே உள்ளவர்களின் தனிப் பழக்கங்கள் ஐந்து என்று எண்ணி, அதில் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைச் சேர்க்கிறது. அந்தந்தத் தேசத்தில் அந்தந்த வழக்கமே பிரமாணம், வேறு இடத்தில் செய்தால்தான் குற்றம் என்று சொல்லிவிட்டு, இன்னொரு தர்மநூல் ஆசிரியரான கௌதமர் இதை ஏற்கவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. சண்டையை மறைக்கவில்லை.

இதிகாசத்துக்குப் போனால் அர்ஜுனன் கட்டியது சுபத்திரையை. குந்தி வசுதேவரின் சகோதரி, சுபத்திரை வசுதேவரின் மகள். சொந்த மாமன் மகள். கிருஷ்ணரே முன்னின்று உடன்போக்குக்கு வழி சொல்கிறார். முருகனை நாம் மால்மருகன் என்றே பாடுகிறோம். கந்தபுராணப்படி தெய்வானையும் வள்ளியும் முற்பிறப்பில் திருமாலின் மகள்கள், அப்படியானால் அவர்கள் அவனுக்கு முறைப்பெண்கள். பங்குனி உத்திரத்தன்று ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் காவடியோடு நிற்கிற கூட்டத்தில் யாராவது இதைப் பாவம் என்று நினைப்பார்களா?

அக்கா, உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவள் கேட்டது ரொம்பப் பழைய கேள்வி, பெரிய பெரிய பண்டிதர்களே கேட்டு மல்லுக்கட்டியது.


ஆர்ச்சர்ட் கடைக்காரர்:

அஸ்ஸலாமு அலைக்கும். சுருக்கமாக ஒன்று. குர்ஆன் 4:23ல் மணக்கக்கூடாதவர்கள் பட்டியல் இருக்கிறது, சகோதரியின் மகளும் அதில் அடக்கம், அதனால் கடையநல்லூர், தென்காசி வழியில் வந்த எங்கள் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகள், சாச்சா (சித்தப்பா) மகள்கூட உண்டு, ஆனால் அக்கா மகளைக் கட்டுவது அறவே கிடையாது. 33:50 சாச்சா, மாமி (அத்தை), மாமா, சாச்சி (சித்தி) பிள்ளைகளை அனுமதிக்கிறது. இங்கே பேசும் விஷயத்துக்குப் பொருத்தமானது அந்த 4:23ன் கடைசிப் பகுதி. இரண்டு சகோதரிகளை ஒரே நேரத்தில் மனைவியராக வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, "முன்பு நடந்துவிட்டதைத் தவிர" என்று வருகிறது. முன்னால் நடந்ததற்கு இப்போது வந்த சட்டத்தை வைத்துத் தண்டனை இல்லை என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம். தாத்தா சொன்ன யாக்கோபு, எங்களுக்கு யஃகூப் நபி, அவர்கள் விஷயம் படிக்கும்போது இந்த வரிதான் மனதில் வரும்.


ஜொகூர் பேரன்:

எல்லாரும் அத்தை மகன், மாமன் மகள் என்று பேசுகிறீர்கள். என் தாத்தாவும் பாட்டியும் தாய்மாமனும் அக்கா மகளும். ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் நடந்த கல்யாணம். மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் மாமன் அக்காள் மகள் உறவைத் தடை செய்துவிட்டு, இந்துக்கள் தங்கள் வழக்கப்படி சகோதரி மகளை மணப்பதை மட்டும் தடுக்காது என்று தனியாக விலக்குக் கொடுத்திருக்கிறது. சிங்கப்பூரில் 1961ல் வந்த மாதர் சாசனம் அப்படி நேரடியாக விடவில்லை, அந்த உறவு தடைப்பட்டியலில் இருக்கிறது, வழக்கப்படி செல்லும் என்றால் அமைச்சர் விருப்பப்பட்டால் அனுமதி தரலாம். அத்தை மகன் மாமன் மகள் கல்யாணத்துக்கு இங்கே சட்டத்தில் தடையே இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

வேதாகமம் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். லேவியராகமம் அத்தையைக் கட்டுவதைத் தடுக்கிறது, ஆனால் ஒருவன் தன் சகோதரன் அல்லது சகோதரி மகளைக் கட்டுவதைப் பேரெடுத்துச் சொல்லவில்லை. ஆபிரகாமின் சகோதரன் நாகோர் கட்டியது இன்னொரு சகோதரன் ஆரானின் மகள் மில்காளை. யூத ரபிமார் சகோதரி மகளைக் கட்டுவதை நல்லது என்றே பாராட்டியிருக்கிறார்கள், ஆனால் அதே யூதர்களில் சாக்கடல் சுருள்களை வைத்திருந்த கூட்டத்தார், ஆணுக்குச் சொன்னது பெண்ணுக்கும் பொருந்தும், அத்தை கூடாது என்றால் மாமனும் கூடாது என்று எழுதி வைத்தார்கள். ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு இரண்டு முடிவு.


ஈசூன் தாதி:

பொங்கோல் அக்கா, பாவமா இல்லையா என்பதோடு உடல்நல விஷயத்தைக் குழப்ப வேண்டாம், ஆனால் மகள் வளர்ந்துவிட்டாள், அதையும் தெரிந்துகொள்ளட்டும். அத்தை மகன் மாமன் மகளுக்குச் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொது, தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் நாலில் ஒரு பங்கு. இரண்டு பேரும் ஒரே குறையைத் தெரியாமல் சுமந்திருந்தால், தலசீமியா மாதிரி, பிள்ளைக்கு அது வெளிப்படும் வாய்ப்பு நாலில் ஒன்று. சொந்தத்தில் கட்டினால் இருவரும் அதே குறையைச் சுமந்திருக்கும் சாத்தியம் கூடுகிறது, ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டே வந்தால் இன்னும் கூடும். பெரும்பாலான பிள்ளைகள் ஆரோக்கியமாகத்தான் பிறக்கிறார்கள். உங்கள் மகள் பின்னால் கல்யாணம் செய்யும்போது, யாரைச் செய்தாலும், ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

இன்னொன்று, என்னோடு வேலை செய்யும் சீனத் தோழியிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவர்களுக்கும் அப்பாவின் சகோதரர் பிள்ளைகளுக்கு ஒரு சொல், அத்தை, மாமா, சித்தி பிள்ளைகளுக்கு வேறு சொல். முன்காலத்தில் ஒரே குடும்பப்பெயர் உள்ளவர்கள் கட்டக்கூடாது, மற்றப் பக்கம் கட்டுவார்களாம். சீனாவில் 1980ல் சட்டம் போட்டு அந்தப் பக்கத்தையும் நிறுத்திவிட்டார்கள். நம்மைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களின் பாட்டன் பாட்டி வீட்டிலும் இது இருந்திருக்கும்.


கத்தோலிக்க அண்ணன்:

அந்தக் குழுத் தலைவர் ஒருவேளை எங்கள் திருச்சபைச் சட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 1091ன்படி பக்கவழியில் நாலாவது தலைமுறைப் படிவரை திருமணம் செல்லாது. இரண்டு பேருக்கும் பொதுவான தாத்தாவரை ஏறி இறங்கி எண்ண வேண்டும், அத்தை மகனும் மாமன் மகளும் சரியாக நாலாவது படி. ஆனால் ஆயர் விலக்குக் கொடுத்தால் பீடத்தின் முன் நிறுத்தியே கட்டிவைப்பார்கள், என் அண்ணனுக்கு ஊரில் அப்படித்தான் நடந்தது. கூடப் பிறந்தவர்களுக்கு எந்த விலக்கும் எப்போதும் கிடையாது. பாவம் என்றால் விலக்குக் கொடுப்பார்களா? இது திருச்சபை போட்ட ஒழுங்கு.


செம்பவாங் தாத்தா:

விட்ட இடத்திலிருந்து. உபாகமம் 25 பேசுவது அண்ணன் தம்பிகள் ஒன்றாகக் குடியிருந்து, ஒருவன் பிள்ளையில்லாமல் செத்துப்போனால் என்ற ஒரே ஒரு நிலைமையை. செத்தவன் பேர் அழியக்கூடாது, விதவை நடுத்தெருவில் நிற்கக்கூடாது. அப்போதுகூட அவன் மாட்டேன் என்று சொல்லலாம், அதற்கு மூப்பர் முன்னால் செருப்பைக் கழற்றும் சடங்கு இருக்கிறது. லேவியராகமம் சொல்வது பொது விதி, இது அதிலிருந்து ஒரு விலக்கு. ஏரோதைப் பார்த்து யோவான் ஸ்நானன் சகோதரன் மனைவியை வைத்திருப்பது நியாயமல்ல என்றபோது அந்தச் சகோதரன் உயிரோடிருந்தான், அவனுக்கு மகளும் இருந்தாள். இந்த இரண்டு வசனத்தையும் எதிரெதிராக நிறுத்தி ஒரு தேசமே ஆட்டங்கண்டது. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி செத்துப்போன அண்ணன் ஆர்தரின் மனைவி கேத்தரினை போப்பாண்டவரின் விலக்கு வாங்கி 1509ல் கட்டினான், ஆண் வாரிசு இல்லை என்றதும், சகோதரன் மனைவியைக் கட்டினவனுக்குப் பிள்ளை இராது என்கிற லேவியராகமம் 20:21ஐத் தூக்கிப் பிடித்தான், எதிர்ப்பக்கம் உபாகமத்தைக் காட்டியது. 1533ல் அந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பானது. வசனத்தைவிட அவனுடைய தேவைதான் பேசியது என்பது என் எண்ணம்.

கிளமெண்டி தம்பி, உங்கள் கேள்வி சரியான கேள்வி. நான் தாண்டித்தான் போனேன். அந்தப் பட்டியலில் மோளேகு என்ற அந்நிய தெய்வத்துக்குப் பிள்ளைகளைக் கொடுப்பது, அடுத்தவன் மனைவி எல்லாமும் சேர்ந்திருக்கிறது, கானானியர்மேல் வந்த தீர்ப்பு அந்த மொத்தத்துக்கும்தான் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் 26, 27ஆம் வசனங்கள் இந்த அருவருப்புகளில் எதையும் செய்யாதீர்கள், முன்னிருந்தவர்கள் இவை எல்லாவற்றையும் செய்தார்கள் என்றுதான் பேசுகின்றன, அதனால் அந்தப் பதில் முழுதாக நிற்கவில்லை. இன்னொரு பக்கம், ஆபிரகாம் சாராளைப் பற்றிச் சொன்னது ஒரு ராஜாவிடம் மாட்டிக்கொண்டு சமாளித்தபோது. அதைச் சரி என்று கதை எங்கும் பாராட்டவில்லை. பெரியவர்கள் செய்ததையெல்லாம் நமக்கு முன்மாதிரியாக எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது நாம், எங்கள் வகுப்பிலும் அப்படித்தான் சொன்னோம், பிளானல் பலகையில் ஆபிரகாம் படத்தை ஒட்டி. அந்தப் பாடத்தைத்தான் இப்போது இவள் கேள்வி உடைக்கிறது. உங்கள் கேள்விக்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது தம்பி. உங்களை அன்று அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது.


பொங்கோல் அம்மா:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன், கிளமெண்டி தம்பி எழுதியதை மறுபடி படிக்கச் சொன்னாள். தாத்தாவின் பாதிப் பதில்தான் அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தூதாயீம் கனி கதையை உட்கார்ந்து முழுதாகப் படித்துவிட்டு, "லேயாள் பாவம் அம்மா" என்றாள்.

குழுத் தலைவரிடம் நானே பேசினேன். லேவியராகமப் பட்டியலைத் திறந்து எண்ணிக் காட்டச் சொன்னேன், எண்ணினார், இல்லை என்றதும் அடுத்த வாரம் பிள்ளைகள் முன்னால் திருத்திச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். நல்ல பிள்ளைதான், யாரோ சொல்லக் கேட்டதைச் சொல்லியிருக்கிறார்.

இன்று மாலை மேசையில் இன்னொரு தேர்வுத்தாள். இந்த முறை எங்கள் குடும்பம். என் பெயருக்கும் அவள் அப்பா பெயருக்கும் நடுவில் கோடு போட்டு, மேலே "அத்தை மகன்" என்று எழுதியிருக்கிறாள், கேள்விக்குறி இல்லை. அதற்கு மேலே என் தாத்தா பாட்டி, அவர்களும் முறைதான். அதற்கும் மேலே ஒரு வட்டம் காலியாக இருக்கிறது. என் பாட்டியின் அம்மா பெயர் எனக்கும் தெரியவில்லை, அவள் அப்பாவுக்கும் தெரியவில்லை. ஊரில் பெரியம்மாவுக்குத்தான் தெரியும், எட்டு மணி ஜெபம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் கூப்பிடப் போகிறோம்.